பெயர் ஒன்று, முகவரிகள் பல: ஜொன் பொஸ்டெலின் வாழ்க்கையும் எங்கள் செய்தித்தளங்களும்

1998ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி, கலிபோர்னியாவில் இருந்து எட்டு இடங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அனுப்பியவர் அரச அதிகாரி அல்ல. கம்பனி முதலாளியும் அல்ல. நீண்ட தாடியும் செருப்புமாகத் திரிந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். உலகத்தின் இணையப் பெயர்ப் பட்டியலை இதுவரை எடுத்துவந்த கணினியை விட்டுவிட்டு, தன்னுடைய அலுவலகக் கணினியில் இருந்து எடுக்கும்படி அவர் கேட்டிருந்தார். எட்டு இடங்களிலும் அப்படியே செய்தார்கள். உலகின் பாதிக்கும் மேற்பட்ட வேர் சேர்வர்கள் ஒரே மனிதரின் சொல்லுக்குத் திரும்பின. இணையத்தைப் பாவித்துக்கொண்டிருந்தவர்களில் எவருக்கும் ஒரு விக்கல்கூடத் தெரியவில்லை.

வன்னியில் ஜெயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நான் அப்போது மட்டக்களப்பில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை. அந்த மனிதரின் பெயரை இருபது வருடங்களுக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன், அதுவும் ஒரு செய்தித்தளம் செத்துப்போன பிறகு.

நான் எழுதிவந்த சிறிய தளம் அது. பெயர் இங்கே வேண்டாம். ஒரு மே மாதம் 18ஆம் திகதி, புலம்பெயர் நாடுகளில் இருந்தும் இங்கிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்கள் திறந்தார்கள். அந்தத் தளம் ஒரேயொரு சேர்வரில் ஓடியது. பகல் முழுவதும் திணறி, மாலையில் விழுந்தது. பிறகு எழும்பவேயில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சொன்ன விடயங்கள், வருடக்கணக்காக நாங்கள் சேர்த்தவை, அதோடு போயின. படுவான்கரையில் ஓர் அம்மா தன் மகன் கடைசியாக உடுத்திருந்த சட்டையின் நிறம்வரை சொல்லியிருந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் திரும்பப் போய்க் கேட்க முடியாது.

ஊடகக் கற்கைப் பட்டத்தில் செய்தி எழுதப் படித்தோம், ஒழுக்கக்கோவை படித்தோம். எழுதிய செய்தி எந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, அந்தப் பெட்டி உடைந்தால் என்ன செய்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அதைத் தேடப் போனபோதுதான் ஜொன் பொஸ்டெல் என்ற பெயரில் வந்து நின்றேன்.

இரண்டு எழுத்தில் விழுந்த கணினி

ஜொனதன் புரூஸ் பொஸ்டெல் 1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி கலிபோர்னியாவின் அல்ரடீனாவில் பிறந்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான் நைஸ் உயர்நிலைப் பாடசாலையில் படித்தார். பின்னாளில் இணையத்தின் முன்னோடிகளான வின்ட் சேர்ஃப், ஸ்டீவ் குரொக்கர் இருவரும் அதே பாடசாலைக்காரர்கள். லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் இளமாணிப் பட்டமும், 1968இல் முதுமாணிப் பட்டமும், 1974இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில்தான் இணையத்தின் தாயான அர்பாநெட்டின் முதல் கணினி இணைக்கப்பட்டது. 1969 ஒக்டோபர் 29ஆம் திகதி அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. லொகின் என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போனதும் தொகுதி விழுந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது. இணையத்தின் கதையே ஒரு கணினி விழுந்த கதையோடுதான் தொடங்குகிறது. அந்த ஆய்வுகூடத்தில் வேலை செய்த மாணவர்களில் பொஸ்டெலும் ஒருவர்.

புதிய வலையமைப்பு எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளை அந்த இளைஞர்கள் குறிப்புகளாக எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். கட்டளைகளாக அல்ல, கருத்துக் கேட்கும் கடிதங்களாக. ஆர்எஃப்சி என்று அழைக்கப்படும் அந்த வரிசையின் முதல் குறிப்பை 1969 ஏப்ரலில் குரொக்கர் எழுதினார். அவற்றைத் திருத்தி, இலக்கமிட்டு, வெளியிடும் பொறுப்பைப் பொஸ்டெல் ஏற்றார். சாகும்வரை, ஏறக்குறைய முப்பது வருடங்கள், அந்த வேலையை விடவில்லை. அந்தக் காலத்தில் 2400க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளிவந்தன.

இலக்கங்களைப் பங்கிடும் வேலையும் அவரிடமே வந்தது. 1972 மே மாதக் குறிப்பொன்றில், இலக்கங்களை ஒழுங்காக வழங்க ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுதி, அது தானாக இருக்கலாமோ என்று ஒரு கேள்விக்குறியையும் போட்டிருந்தார். எவரும் மறுக்கவில்லை. 1977இல் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்துக்கு மாறினார். மரீனா டெல் ரே கடற்கரையோரத்தில் இருந்த அந்த அலுவலகம்தான் பிறகு ஐயானா என்ற பெயரில் உலக இணையத்தின் பதிவுக் கச்சேரியாக இருந்தது. 1983 முதல் ஜொய்ஸ் ரெனோல்ட்ஸ் என்ற பெண்மணி அவருடன் சேர்ந்து இந்த வேலைகளைச் செய்தார்.

இன்றும் இணையம் ஓடும் அடிப்படை விதிகளான ஐபி, டிசிபி ஆவணங்கள் 1981 செப்டெம்பரில் பொஸ்டெலின் தொகுப்பில் வெளிவந்தன. நாம் அனுப்புவதில் கண்டிப்பாகவும், மற்றவர்களிடம் இருந்து வருவதை ஏற்பதில் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் அந்த விதிகளுக்குள் வைத்த கொள்கை.

அதே 1981இல்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் வேறெங்கும் பிரதி இல்லாமல் அங்கே மட்டுமே இருந்தன என்பதுதான் அந்த இழப்பின் ஆழம். ஒரு பொருள் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், அந்த இடத்துக்கு வரும் தீ அந்தப் பொருளுக்கும் வரும். இது கணினி விஞ்ஞானம் சொல்லித் தெரிய வேண்டிய விடயம் அல்ல எங்களுக்கு.

ஒரு கோப்பில் இருந்து பெயர்களின் மரம்

கணினிகள் ஒன்றையொன்று இலக்கத்தால்தான் அறியும். மனிதருக்கு இலக்கம் நினைவில் நிற்காது. ஆகவே எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் என்ற பட்டியல் தேவை. ஆரம்பத்தில் அந்தப் பட்டியல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பாக இருந்தது. எல்லாக் கணினிகளும் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளும். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை.

மாற்று வழி காணும் வேலையைப் பொஸ்டெல் தன் நிறுவனத்தில் இருந்த போல் மொக்கபெட்ரிஸிடம் கொடுத்தார். 1983 நவம்பரில் டிஎன்எஸ் என்ற டொமைன் பெயர் முறையின் முதல் ஆவணங்கள் வந்தன. பட்டியல் ஒரே கோப்பாக இல்லாமல் ஒரு மரமாக மாறியது. உச்சியில் வேர் சேர்வர்கள். அவை டொட் கொம் பற்றிக் கேட்டால் இன்னாரிடம் போ, டொட் எல்கே பற்றிக் கேட்டால் அவரிடம் போ என்று கைகாட்டும். ஒவ்வொரு கிளையும் தன் கீழுள்ள கிளையைக் காட்டும். ஒரு கிளைக்குக் குறைந்தது இரண்டு பெயர்ச் சேர்வர்கள் இருக்க வேண்டும் என்பதும் விதியாயிற்று.

இலங்கைக்குரிய டொட் எல்கே 1990 யூனில் பதிவானது. அந்த யூன் மட்டக்களப்பாருக்கு வேறொன்றை நினைவூட்டும். இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதும் அந்த மாதம்தான், தொடங்கியதும் எங்கள் மாவட்டத்தில்தான். செப்டெம்பரில் வந்தாறுமூலையும் சத்துருக்கொண்டானும் நடந்தன. உலகப் பெயர்ப் பட்டியலில் நாட்டுக்கு ஓர் இடம் கிடைத்த அதே வருடம் எங்கள் ஊர்களின் பெயர்ப் பட்டியல்களில் இருந்து மனிதர் கழிந்துகொண்டிருந்தார்கள்.

நாட்டுப் பெயர்கள் விடயத்தில் பொஸ்டெல் எடுத்த முடிவு எங்கள் வாசகர்கள் அறியவேண்டியது. எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது தங்கள் வேலை அல்ல என்பதை 1994 மார்ச் மாத ஆவணத்தில் தெளிவாக எழுதிவைத்தார். சர்வதேச தர நிர்ணய அமைப்பின் இரண்டெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். கூடவே, ஒரு நாட்டின் டொமைனை நடத்துபவர் அதன் சொந்தக்காரர் அல்ல, அந்தச் சமூகத்துக்கான பொறுப்பாளர் மட்டுமே என்றும் சொன்னார். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, 2010இல், டொட் இலங்கை என்பதைத் தமிழ் எழுத்திலேயே எழுதும் உரிமையும் வந்தது.

பாதை தெரிந்தவனுக்கு ஒரு துறை போதாது

சுமை பகிர்வது எப்படி என்பதை விளக்க எங்கள் வாவியே போதும். எழுவான்கரையில் இருந்து படுவான்கரைக்குப் போக வேண்டும். குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு இயந்திரப் பாதை ஓடுகிறது. குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்கு இன்னொரு பாதை. மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை அங்கும் பாதைதான். போக வேண்டிய கரை ஒன்று, துறைகள் பல. எல்லோரும் ஒரே துறைக்கு வந்தால் வரிசை நீளும். சந்தியில் நிற்பவர் ஒருவரை மண்முனைக்கும் அடுத்தவரை அம்பிளாந்துறைக்கும் அனுப்பினால் நெரிசல் குறையும். ஒரு பாதை பழுதானால் அந்தத் துறையின் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும்.

டிஎன்எஸ்ஸில் செய்வதும் இதுதான். ஒரு செய்தித்தளத்தின் பெயருக்கு ஒரு ஐபி முகவரிக்குப் பதிலாக மூன்று முகவரிகளைப் பதிவு செய்யலாம். மூன்றும் மூன்று சேர்வர்கள், மூன்றிலும் ஒரே உள்ளடக்கம். பெயர்ச் சேர்வர் ஒவ்வொரு முறையும் பதில்களின் வரிசையை மாற்றிக் கொடுக்கும். முதலில் கேட்பவருக்கு முதலாவது முன்னால், அடுத்தவருக்கு இரண்டாவது முன்னால். இப்படிப் பகிரும் முறை பற்றிய ஆவணம் 1995 ஏப்ரலில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் தோமஸ் பிரிஸ்கோ எழுதி, 1794ஆம் இலக்கத்தோடு வெளிவந்தது. அப்போதும் ஆர்எஃப்சி ஆசிரியர் பொஸ்டெல்தான்.

ஆனால் சந்தியில் நிற்பவருக்குப் பாதை பழுதானது தெரிந்திருக்க வேண்டும். வெறுமனே முகவரிகளைச் சுழற்றும் டிஎன்எஸ்ஸுக்கு எந்தச் சேர்வர் செத்துவிட்டது என்று தெரியாது. செத்ததையும் சொல்லிக்கொண்டேயிருக்கும். இன்றைய பிரவுசர்கள் பெரும்பாலும் ஒரு முகவரி பதில் தராவிட்டால் அடுத்ததைத் தட்டிப் பார்க்கும், ஆனால் அதுவரை வாசகர் காத்திருக்க வேண்டும். ஆகவே சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சேர்வரையும் தட்டிப் பார்த்து, பதில் வராததைப் பட்டியலில் இருந்து நீக்கும் கண்காணிப்பு தேவை. அது இருந்தால்தான் பழுதானதற்கு மாற்று தானாக வரும்.

அடுத்தது காலாவதி நேரம். பெயர்ச் சேர்வரின் பதிலை உங்கள் தொலைபேசிக் கம்பனி கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதைத் தளத்தை நடத்துபவரே நொடிக் கணக்கில் குறிக்கலாம். 86,400 என்று போட்டால் ஒரு நாள். சேர்வர் காலையில் விழுந்து நீங்கள் உடனே முகவரியை மாற்றினாலும், சிலருக்கு மறுநாள் காலைவரை பழைய துறைதான் காட்டப்படும். 300 என்று போட்டால் ஐந்து நிமிடம். சுமை கூடும் நினைவு நாட்களுக்கு முதலே இதைக் குறைத்துவைக்க வேண்டும், விழுந்த பிறகு குறைத்துப் பயனில்லை.

பகிர்வும் சரிசமமாக இருக்காது. ஒரு பெரிய கம்பனி நினைவில் வைத்த ஒரே பதிலை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுக்கலாம். மூன்று சேர்வர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தால் மின்சாரம் நின்றதும் மூன்றும் நிற்கும். பெயர்ச் சேர்வர்களை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வலையமைப்புகளில் வைக்கும்படி 1997இல் வந்த இன்னொரு ஆவணம் வலியுறுத்தியது. கல்லடிக்காரர்களுக்கு இது புரியும். 1924இல் திறந்த ஒற்றைப் பாலத்தை நம்பி, ஒரு பக்கம் வாகனம் வர மறுபக்கம் காத்து நின்ற காலம் 2013இல் புதுப்பாலம் வரும்வரை இருந்தது. ஆனால் இரண்டு பாலங்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. நெரிசலுக்கு அது தீர்வு. 2004 மார்கழியைப் போல் கடல் எழும்பி வந்தால் அது தீர்வாகாது.

ஒரு வாரக் கிளர்ச்சி

1998 ஜனவரிக்கு வருகிறேன். அப்போது உலகில் 13 வேர் சேர்வர்கள் இருந்தன. அவற்றின் மூலப் பட்டியல் நெற்வேர்க் சொலுஷன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியின் கணினியில் இருந்தது. மற்றப் பன்னிரண்டும் அதிலிருந்துதான் பிரதி எடுத்தன. பெயர்கள் காசாகத் தொடங்கியிருந்த காலம். இணையத்தின் பெயர்கள் யாருடைய பொறுப்பு என்று அமெரிக்க அரசும் கம்பனிகளும் ஆய்வாளர்களும் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொஸ்டெலின் மின்னஞ்சலுக்குப் பிறகு எட்டு வேர் சேர்வர்கள் ஐயானாவின் கணினியில் இருந்து பட்டியலை எடுத்தன. மற்றவை பழைய இடத்திலேயே நின்றன. பட்டியலில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றவில்லை. வெள்ளை மாளிகையின் ஆலோசகர் ஐரா மகசினர் கடும் கோபத்தோடு தொலைபேசியில் அழைத்தார். பொஸ்டெல் அது ஒரு பரிசோதனை என்றார். ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின.

அது பரிசோதனையா, கிளர்ச்சியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் எண்ணம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது ஒரு மாற்று ஏற்பாட்டுப் பரீட்சை. மூலக் கணினி ஒருநாள் இல்லாமல் போனால் உலகம் வேறொன்றுக்கு மாற முடியுமா? முடியும் என்று தெரிந்தது. அரசியலாகப் பார்த்தால், மாற்றுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அதிகாரம் என்பதை அது காட்டியது. அமெரிக்க அரசு பயந்தது மாற்றம் தோற்றதால் அல்ல, வெற்றி பெற்றதால்.

அந்த வெற்றியில் ஒரு குறையும் இருந்தது. எந்தக் கணினியும் தனித் தூணாக நிற்கக் கூடாது என்று முப்பது வருடம் உழைத்தவர், தானே தனித் தூணாக நின்றார். எட்டு இடங்களிலும் மாற்றியது ஒரு சட்டத்துக்காக அல்ல, அந்த ஒரு மனிதர் மீதிருந்த நம்பிக்கைக்காக.

அதை அவரும் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். 1991இலேயே இதயச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். 1998இல் தன் பொறுப்புகளை ஒரு நிறுவனத்திடம் கையளிக்கும் வேலையில் ஈடுபட்டார். 1998 செப்டெம்பரில் ஐகான் அமைப்பு உருவானது. ஒக்டோபர் 16ஆம் திகதி, இரண்டாவது இதயச் சத்திரசிகிச்சையைத் தொடர்ந்து லொஸ் ஏஞ்சல்ஸில் பொஸ்டெல் காலமானார். வயது 55. அடுத்த நாளும் பெயர்கள் திறந்தன. இலக்கங்கள் வழங்கப்பட்டன. அவர் செய்தவை எல்லாம் எழுத்தில் இருந்தன, செய்யத் தெரிந்த மற்றவர்களும் பக்கத்தில் இருந்தார்கள்.

2002 ஒக்டோபர் 21ஆம் திகதி 13 வேர் சேர்வர்கள் மீதும் ஒரே நேரத்தில் தாக்குதல் நடந்தது. சில திணறின, மற்றவை தாங்கின, சாதாரண பாவனையாளர் பெரும்பாலும் உணரவில்லை. அதற்குப் பிறகு ஒரே முகவரியை உலகின் பல இடங்களில் இருந்து அறிவிக்கும் எனிகாஸ்ட் முறை பரவியது. இன்று அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் நிற்கின்றன.

எங்கள் பக்கம்

மட்டக்களப்பில் பிறந்த தர்மரத்தினம் சிவராம், 1997இல் தொடங்கிய தமிழ்நெற்றுக்கு மாவட்டம்தோறும் செய்தியாளர்களைக் கொண்ட ஒரு வலையைக் கட்டியதில் முக்கியமானவர். 2005 ஏப்ரல் 28ஆம் திகதி கொழும்பில் கடத்திக் கொலை செய்யப்பட்டார். அந்தத் தளம் நிற்கவில்லை. 2007 யூனில் இலங்கைக்குள் தடுக்கப்பட்டது. அப்போதும் வெளியே ஓடியது. ஒருவரைக் கொன்றால் எல்லாம் நிற்கும் என்ற கணக்கைப் பிழையாக்குவது பல கைகள்தான், பல கணினிகள்தான்.

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். முகவரிகளைக் கூட்டிவைப்பது தணிக்கையை உடைக்காது. இணையக் கம்பனி பெயரையே தடுத்தால், பின்னால் எத்தனை சேர்வர் இருந்தாலும் இங்குள்ளவருக்குத் திறக்காது. 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் தடுக்கப்பட்டபோது பார்த்தோம். அது வேறு போராட்டம். ஆனால் எங்கள் தளங்கள் அரசு தடுத்து விழுவதைவிட, கவனிக்க ஆளில்லாமல் விழுவதே அதிகம் என்பது நான் இத்துறையில் கண்டது. டொமைனுக்குக் காசு கட்ட மறந்தது, கடவுச்சொல் தெரிந்த ஒரேயொருவர் வெளிநாடு போனது, பிரதியும் மூலமும் ஒரே சேர்வரில் இருந்தது.

ஆகவே தளம் நடத்தும் நண்பர்களிடம் சில கேள்விகள். உங்கள் பெயருக்குப் பின்னால் எத்தனை சேர்வர்கள்? அவை ஒரே கம்பனியிலா? ஒன்று இரவு இரண்டு மணிக்கு விழுந்தால் யாருக்குத் தெரியவரும்? டொமைன் யார் பெயரில் இருக்கிறது, அவர் இல்லாமல் போனால் அடுத்தவர் யார்? 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கோ வேறொரு இடத்துக்கோ உங்கள் வாக்குமூலங்களின் ஒரு பிரதி போயிருக்கிறதா? இரண்டாவது சேர்வருக்கு மாதம் கொஞ்சம் செலவாகும். எங்களைப் போன்ற சிறிய தளங்களுக்கு அது பாரம்தான். இரண்டு தளங்கள் சேர்ந்து ஒன்றின் பிரதியை மற்றது வைத்துக்கொண்டால் அந்தப் பாரம் பாதியாகும்.

வாசகர்களிடமும் ஒரு கேள்வி. உங்கள் பிள்ளையின், கணவரின், தகப்பனின் விபரத்தை எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ஆணைக்குழு, அலுவலகம், நிறுவனம், எங்களைப் போன்ற ஊடகவியலாளர்கள். அடுத்த முறை ஒருவர் வந்தால், இதை எங்கே வைப்பாய் தம்பி, எத்தனை இடத்தில் வைப்பாய் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரே இடம் என்று பதில் வந்தால், ஒரு பிரதியை வாங்கி உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.